லக்சம்பர்க்கின் இலவச பஸ், டிராம், ரயில்: கோபிக்காரி ஒருத்தியின் மதிப்பீடு

லக்சம்பர்க் நாட்டில் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் ரயிலுக்கும் டிக்கெட் கிடையாது. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர், ஆண், பெண், சம்பளக்காரர், வேலை இல்லாதவர் என்ற பேதம் எதுவும் இல்லை. ரயிலில் முதல் வகுப்பைத் தவிர, நாடு முழுக்க எல்லாருக்கும் எந்நாளும் இலவசம். 2020 பிப்ரவரி 29ஆம் தேதி தொடங்கினார்கள். ஒரு நாடு முழுமைக்கும் இப்படிச் செய்தது உலகத்திலேயே அதுதான் முதல். மகள் குடும்பம் அங்கே இருப்பதால் நானும் எங்க வீட்டுக்காரரும் போய்த் தங்கி, அந்த வண்டிகளிலேயே நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம். பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும் நம்ம ஊர்ப் பெற்றோர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை.

நான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. கோபிச்செட்டிபாளையம் பக்கம் கிராமம். வேலை பார்த்த காலம் முழுக்க டவுன் பஸ்ஸில்தான் போய்வந்தேன். இன்றைக்கும் மொடச்சூர் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் டவுன் பஸ்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துத்தான் படி ஏற வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலவசமா இல்லையா என்பதைவிட, ஏற முடியுமா, உட்கார இடம் கிடைக்குமா, சொன்ன நேரத்துக்கு வருமா என்பதைத்தான் என் வயதுக்காரிகள் முதலில் பார்ப்போம். அந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் கீழே சொல்கிறேன்.

நாடு எவ்வளவு பெரிது என்று கேட்டால், 2,586 சதுர கிலோமீட்டர். நம்ம ஈரோடு மாவட்டத்தில் பாதிகூட வராது. வடக்குத் தெற்காக 82 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 57 கிலோமீட்டர். கோபியில் கிளம்பிக் கோயமுத்தூர் போய்ச் சேரும் தூரத்துக்குள் நாடு முடிந்து பெல்ஜியமோ பிரான்சோ ஜெர்மனியோ வந்துவிடும். மக்கள்தொகை ஏழு லட்சத்தை இன்னும் தொடவில்லை. அதிலும் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர்கள். போர்ச்சுக்கல்காரர்கள்தான் அவர்களில் அதிகம். உலகத்தில் கிராண்ட் டியூக் என்ற பட்டத்தோடு ஓர் அரசர் இருக்கும் ஒரே நாடு. 2025 அக்டோபர் 3ஆம் தேதி ஆன்றி என்பவர் பட்டத்தைத் தன் மகன் கிய்யோமுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அரண்மனை பழைய நகரத்தின் நடுவில் கடைவீதியை ஒட்டியே நிற்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வருமானக் கணக்குப் போட்டால் உலகப் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கிற நாடு.

சரி, வண்டிக்கு வருவோம்.

விமான நிலையத்துக்கு ஃபிண்டல் என்று பெயர். பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் வாசலிலேயே டிராம் நிற்கிறது. 2025 மார்ச்சில்தான் டிராம் பாதையை விமான நிலையம் வரை நீட்டினார்களாம். எங்க வீட்டுக்காரர் பழக்கத்தில் சட்டைப்பையில் கை வைத்தார். "மாமா, டிக்கெட்டெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க, அப்படியே ஏறுங்க" என்றார் மாப்பிள்ளை. பெட்டியோடு, பேத்தியின் தள்ளுவண்டியோடு, அப்படியே உள்ளே போனோம். மேடையும் டிராமின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. நடுவில் விரற்கடை இடைவெளிதான். கதவில் ஒரு பொத்தான், அமுக்கினால் திறக்கிறது. கைப்பிடியைத் தேடவேண்டிய அவசியமே வரவில்லை. வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவதுபோல் நடந்து போனேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், அடுத்தவர் கையைப் பிடிக்காமல் ஒரு பொது வண்டியில் ஏறினேன். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே நாலு மதிப்பெண் கொடுக்கலாம்.

அந்த டிராமை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வண்டி 45 மீட்டர் நீளம். ஏழு துண்டுகளாகச் சேர்த்து, வளைவுகளில் மடங்கித் திரும்புகிறது. ஸ்பெயின் நாட்டின் காஃப் கம்பெனி செய்தது. கிர்ஷ்பெர்க் என்ற மேட்டுப் பகுதியில் தலைக்கு மேலே மின்கம்பி ஓடுகிறது. ஆற்றுப் பள்ளத்தைத் தாண்டும் சிவப்புப் பாலத்துக்கு அருகே வந்ததும் கம்பி நின்றுவிடுகிறது. அப்புறம் நகரத்தின் நடுப்பகுதி முழுக்கக் கம்பியே இல்லாமல் டிராம் ஓடுகிறது. நகரத்தின் பழைய கட்டிடங்களுக்கு முன்னால் கம்பி தொங்கக்கூடாது என்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறி இறங்கும் அந்தச் சில விநாடிகளிலேயே அடியிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். எங்க வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையோடு வாழ்க்கை நடத்துபவர். அவர் பார்வை பூராவும் தண்டவாளத்தின் மேல்தான் இருந்தது; ஒரு நிறுத்தத்தில் இறங்கி நின்று, அடுத்த வண்டி வந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்த பிறகுதான் வந்தார். அடுத்த வண்டிக்கு அதிக நேரம் காத்திருக்கவும் இல்லை.

இந்த ஊரில் பழைய டிராம் 1964ஆம் ஆண்டோடு நின்றுபோனது. கார் வந்துவிட்டது, டிராம் எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். பிறகு 2017 டிசம்பரில் புதிதாகத் தண்டவாளம் போட்டு மறுபடியும் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போய், இப்போது விமான நிலையத்திலிருந்து தெற்கே விளையாட்டு மைதானம் வரை 16 கிலோமீட்டர், 24 நிறுத்தங்கள். எடுத்ததைத் திரும்பக் கொண்டுவர 53 வருஷம் ஆகியிருக்கிறது.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். என் மனசில் இருக்கும் முக்கியமான சேதி இதுதான்.

நம்ம தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் ஊரிலிருந்து கோபிக்கு நூல் மில் வேலைக்குப் போகிற பிள்ளைகள், கீரைக்கட்டு கொண்டுபோகிற ஆத்தாக்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அது மாதம் ஆயிரத்துக்கும் மேலே மிச்சம். அந்தப் பணம் குழந்தையின் நோட்டுப் புத்தகமாகவும் பாலாகவும் மாறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் கூடவே இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். பஸ் கூட்டமாக இருந்தால் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு வரும். "காசு கொடுக்கிறவன் நிற்கிறான், சும்மா வர்றவங்க உக்காந்திருக்காங்க" என்று. எழுபது வயது ஆத்தா ஒருத்தி அதைக் கேட்டு எழுந்து நின்றுகொண்டாள். நான் அவளைத் திரும்ப உட்காரவைத்தேன். பாதிப்பேர் காசு கொடுத்து, பாதிப்பேர் கொடுக்காமல் போனால், கொடுக்காதவர் மேல் ஒரு பார்வை விழத்தான் செய்கிறது.

லக்சம்பர்க் டிராமில் அந்தப் பார்வை விழ இடமே இல்லை. காலையில் கோட்டு போட்டு வங்கிக்குப் போகிறவரும், அதே வங்கியில் தரை துடைக்கப் போகிற அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து போகிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கேள்வி இல்லை. எங்க வீட்டுக்காரரும் நானும் ஒரே மாதிரி ஏறினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு நிறுத்தம் போவதற்குக்கூட ஏறிக் குதித்து இறங்குகிறார்கள். வழி தெரியாமல் தப்பான பக்கம் போகிற வண்டியில் ஏறினாலும் பயமில்லை. இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் போதும். மொழி தெரியாத ஊரில் வயசானவர்கள் தனியாக வெளியே போவதற்கு இதைவிடப் பெரிய தைரியம் எதுவும் இல்லை. மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்குவது, சில்லறை இருக்கிறதா, பரிசோதகர் வந்து என்ன கேட்பார் என்ற கவலையெல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டது. மகள் வேலைக்குப் போனபிறகு நான் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தனியாகவே பூங்காவுக்குப் போய்வந்தேன். கோபியில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

"பணக்கார நாடு, கொடுக்கிறார்கள்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நானும் மாப்பிள்ளையிடம் அதைத்தான் கேட்டேன். அவர் கணக்கைச் சொன்னார். இலவசமாக்கும் முன் இரண்டு மணி நேர டிக்கெட் 2 யூரோ, நாள் முழுவதற்கும் 4 யூரோ. மொத்தப் போக்குவரத்துக்கும் வருஷத்துக்கு ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவு ஆனதாம். டிக்கெட்டில் வந்ததோ சுமார் 4.1 கோடி யூரோ. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது, டிக்கெட் இருந்த காலத்திலேயே ஒன்பது பங்கை அரசாங்கம்தான் வரிப்பணத்தில் கொடுத்துக்கொண்டிருந்தது. மிச்சம் ஒரு பங்கையும் தானே ஏற்றுக்கொண்டது; மெஷின், சோதனை, கணக்கு என்ற வேலையும் பெரும்பகுதி குறைந்தது. 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2018லேயே இலவசமாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எல்லாருக்கும் கொண்டுவந்தார்கள். அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் பசுமைக் கட்சியைச் சேர்ந்த ஃபிரான்சுவா பௌஷ். திட்டம் தொடங்கிய சில நாட்களிலேயே கொரோனா வந்து ஊரே அடங்கிப்போனது வேறு கதை. இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு, பணம் இருப்பதால் மட்டும் செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. யாரிடம் வாங்குவது, எப்படி வாங்குவது என்று யோசித்திருக்கிறார்கள். சம்பாதிக்கிறவரிடம் வருமான வரியாக வாங்கிக்கொண்டு, கதவருகே யாரையும் நிறுத்தாமல் விட்டுவிட்டார்கள். என் மகளும் மாப்பிள்ளையும் அந்த வரியைக் கட்டுகிறார்கள். மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் பிடித்தம் கணிசமாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி மகளிடம் கேட்டேன். "பஸ் ஓடுது, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்குது, அப்புறமென்னம்மா" என்று முடித்துவிட்டாள்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் ரயிலிலேயே போய்ப் பார்க்கலாம். தலைநகரிலிருந்து தெற்கே எஷ் என்ற ஊருக்கு ரயில் போகிறது. அதை ஒட்டி பெல்வால் என்று ஒரு நிறுத்தம். இறங்கியதும் எதிரே இரண்டு பிரம்மாண்டமான இரும்பு உலைகள் நிற்கின்றன. துருப்பிடித்த குழாய்கள், படிகள், புகைபோக்கிகள் அப்படியே இருக்க, அதன் காலடியில் பல்கலைக்கழகம், நூலகம், பிள்ளைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாடு ஏழை விவசாய நாடு. பிழைக்க வழி இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். தெற்கே மண்ணில் இரும்பு நிறைய இருந்தும், அதில் பாஸ்பரஸ் கலந்திருந்ததால் நல்ல எஃகு செய்ய முடியவில்லை. இங்கிலாந்தில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்பவர் அந்தப் பாஸ்பரசைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்; 1879இல் லக்சம்பர்க்காரர்கள் அதற்கு உரிமம் வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நாடு நிமிர்ந்தது. பிரித்தெடுத்த கசடைப் பொடியாக்கி வயலுக்கு உரமாகப் போட்டார்கள். பாஸ்பரஸ்தானே, பயிருக்கு நல்லது. எங்க வீட்டுக்காரருக்கு அந்த நாட்டில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் நெல்லும் போடுகிறவர். அடியுரத்தின் விலை மனப்பாடம். உலையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

1911இல் ஆர்பெட் என்ற பெரிய எஃகுக் கம்பெனி உருவானது. அதன் வழியில் வந்த ஆர்செலரும் லட்சுமி மிட்டலின் கம்பெனியும் 2006இல் ஒன்றாகி ஆர்செலர்மிட்டல் ஆனது. தலைமை அலுவலகம் இன்றும் லக்சம்பர்க்கில்தான். எழுபதுகளில் எஃகுத் தொழில் படுத்தபோது இவர்கள் வங்கிக்கும் முதலீட்டு நிதிக்கும் மாறினார்கள். முதலீட்டு நிதித் தொழிலில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இன்றைக்கு இந்தச் சின்ன நாட்டுக்கு. என் மகளுக்குச் சோறு போடுவதும் அந்தத் தொழில்தான். வானத்திலும் கை வைத்தார்கள், எஸ்.இ.எஸ் என்ற செயற்கைக்கோள் கம்பெனி 1985இல் இங்கே தொடங்கியது. பெல்வாலில் உலை 1997இல் அணைந்தது. அந்த இடத்தைப் பாழாக விடாமல், உலையையும் இடிக்காமல், பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்து வைத்து, ரயில் நிறுத்தத்துக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். பழைய மில்களை இடித்து மனை பிரிக்கிற நம்ம கோயமுத்தூர்க்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

தலைநகரம் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலே பாறை மேல் பழைய கோட்டை நகரம். கீழே அல்செட் ஆற்றுப் பள்ளத்தில் வீடுகள். ஐரோப்பாவின் பலமான கோட்டைகளில் ஒன்றாக இருந்ததை, பெரிய நாடுகள் இதற்காக அடித்துக்கொள்ளக் கூடாது என்று 1867இல் லண்டன் ஒப்பந்தம் போட்டு இடிக்க வைத்தார்கள். மிச்சமிருக்கும் மதில்களும் பாறைக்குள் குடைந்த சுரங்கங்களும் 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. பார்க்க அழகு. ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பள்ளத்தில் இறங்கி மேடு ஏறுவது நடக்காத காரியம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அங்கேதான் லிஃப்ட் இருக்கிறது. பாஃபென்டால் என்ற பள்ளத்துத் தெருவிலிருந்து மேல் நகரத்துக்கு 71 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி லிஃப்ட், 2016இல் திறந்தது. அதுவும் இலவசம். சைக்கிளோடு ஏறுகிறார்கள், தள்ளுவண்டியோடு ஏறுகிறார்கள். மேலே போகப் போகக் கீழே வீடுகளின் கூரைகளும் ஆறும் தோட்டமும் தெரிகின்றன. மேல்தளத்தில் ஒரு பக்கம் தரையும் கண்ணாடி. அதன் மேல் நான் நிற்கவில்லை; மற்றவர்கள் நின்றார்கள்.

அதே பள்ளத்தில் ரயில் நிறுத்தமும் இருக்கிறது. அங்கிருந்து எதிர் மேடான கிர்ஷ்பெர்க்குக்கு விஞ்ச், நம்ம பழனி மலையில் இருப்பது மாதிரி. 2017 டிசம்பரில் டிராமோடு சேர்த்துத் தொடங்கியது. வடக்கிலிருந்து ரயிலில் வருகிறவர் பள்ளத்தில் இறங்கி, விஞ்சில் ஏறி, மேலே போனதும் டிராமைப் பிடித்துக்கொள்ளலாம். ரயில், விஞ்ச், டிராம் மூன்றையும் ஒன்றின் வாசலில் இன்னொன்று நிற்கிற மாதிரி இணைத்ததுதான் இவர்கள் செய்த பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. நம்ம ஊரில் ரயிலடி ஒரு பக்கம், பஸ் நிலையம் இன்னொரு பக்கம்; நடுவில் ஆட்டோவுக்குக் கொடுப்பது டிக்கெட்டைவிட அதிகம். இங்கே இறங்கின இடத்திலிருந்து அடுத்த வண்டிக்கு நான் மூட்டையோடு வெயிலில் நடந்ததே இல்லை. மேலே கிர்ஷ்பெர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பொன்னிறக் கோபுரங்களும், சுற்றிலும் 823 வெள்ளைத் தூண்களோடு நிற்கிற இசையரங்கமும் டிராம் ஜன்னலிலேயே தெரியும்.

ஷெங்கனுக்குப் போனதைச் சொல்லாமல் விட முடியாது. விசாவுக்காக வங்கிக் கணக்கு, நில ஆவணம், அழைப்புக் கடிதம் என்று கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுக்கிற விசாவுக்குப் பெயர் தந்தது, லக்சம்பர்க்கின் தென்கிழக்கு மூலையில் மோசெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு திராட்சைத் தோட்டக் கிராமம். பஸ்ஸில், நடுவில் ஒருமுறை மாறிப் போனோம். மொத்தக் கிராமமும் நம்ம ஊர் நடுவளவு. அக்கரையில் ஜெர்மனி, தெற்கே கூப்பிடு தூரத்தில் பிரான்ஸ். 1985 ஜூன் 14ஆம் தேதி லக்சம்பர்க், பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகிய ஐந்து நாட்டு ஆட்களும் இந்த ஆற்றில் நின்ற பிரின்செஸ் மரி ஆஸ்ட்ரிட் என்ற கப்பலில் உட்கார்ந்து, எல்லையில் சோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். பாலத்தில் நடந்து ஜெர்மனிக்குப் போனோம். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நாடு விட்டு நாடு போகிறோம் என்பதற்கு ஒரு பலகைதான் அடையாளம். அந்த விசாவுக்குக் கொடுத்த கஷ்டம் எல்லாம் அந்தப் பாலத்தில் நடந்தபோது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வடக்கே க்ளேர்வோ வரை போகிற ரயில் பாதையும் நன்றாக இருக்கிறது. எட்டல்ப்ரூக் தாண்டினால் ரயில் ஆற்றோடு வளைந்து வளைந்து மலைக்குள் போகிறது. தாளவாடிப் பக்கம் போன மாதிரி குளிர்ச்சி. வியான்டன் கோட்டைக்கு ரயில் இல்லை, எட்டல்ப்ரூக்கில் இறங்கி பஸ். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ 1871இல் அங்கே தங்கியிருந்த வீடு ஆற்றுப் பாலத்தை ஒட்டி இருக்கிறது. கோட்டைக்குள் போகக் கட்டணம் உண்டு. ஏறுவதற்குச் சரிவான பாதை, என்னால் பாதிதான் முடிந்தது.

இனி அரை மதிப்பெண்ணை எங்கே குறைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

தலைநகரத்தில் வண்டிக்குப் பஞ்சமே இல்லை. கிராமப் பக்கம் போனால், அதுவும் ஞாயிற்றுக்கிழமையும் பொழுது சாய்ந்த பிறகும், அடுத்த பஸ்ஸுக்கு நிறைய நேரம் காத்திருக்க வேண்டும். குளிர் காலத்தில் அது லேசான விஷயம் இல்லை. கோடை விடுமுறையில் தண்டவாள வேலைக்காகச் சில ரயில் பாதைகளை வாரக்கணக்கில் மூடிவிட்டு பஸ் விடுகிறார்கள். மாற்றுப் பஸ்ஸும் இலவசம்தான், ஆனால் நேரம் கூடுகிறது. போகிற அன்று காலையில் மொபிலிடேட் என்ற அரசுச் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

இன்னொன்று, இலவசமாக்கியும் கார் குறையவில்லை. 1000 பேருக்கு 650க்கும் மேல் கார் இருக்கிறது, ஐரோப்பாவிலேயே முன்வரிசை. காலையும் மாலையும் சாலைகள் அடைத்துக்கொள்கின்றன. காரணம் என்ன என்று விசாரித்தேன். வீட்டு வாடகையும் விலையும் கேட்டால் தலை சுற்றும். அதனால் இங்கே வேலை பார்க்கிறவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் குடியிருந்துகொண்டு தினமும் எல்லை தாண்டி வருகிறார்கள். அவர்கள் ஊரிலிருந்து எல்லை வரை இலவசம் இல்லை, வண்டியும் இவ்வளவு வசதியாக இல்லை. அந்த ஆட்களுக்குக் காரே சௌகரியமாகப் போய்விடுகிறது. கட்டணத்தை எடுத்தது ஏழை எளியவருக்கு நல்லது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காரில் போகிறவரை இறங்க வைப்பது கட்டணம் அல்ல, அவர் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற வண்டிதான். அதனால்தான் டிராமுக்கு மேலும் மேலும் தண்டவாளம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இலவசத்தோடு நிறுத்திக்கொள்ளாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

ரயிலில் முதல் வகுப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு மட்டும் காசு. கதவிலும் கண்ணாடியிலும் 1 என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் கூட இல்லாமல் போகும்போது அதைக் கவனித்து, 2 என்று போட்டிருக்கும் பெட்டியில் உட்காருங்கள். இருக்கையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நம் எண் வரும்போது கையைக் காட்ட வேண்டும். இறங்குவதற்குக் கம்பத்தில் இருக்கும் பொத்தானை முன்கூட்டியே அமுக்க வேண்டும். கண்டக்டர் விசில் கிடையாது. பஸ்ஸில் நடுக்கதவுக்கு எதிரே தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே பெட்டி வைத்து அடைக்க வேண்டாம். ஓட்டுநரைப் பார்த்து ஏறும்போது "மொயென்" என்று எல்லாரும் வணக்கம் சொல்கிறார்கள். நானும் சொல்லிப் பழகிவிட்டேன். வேறு மொழி வராவிட்டாலும் பாதகமில்லை. லக்சம்பர்க் மொழி, பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் ஆட்சிமொழிகள். இளைஞர்கள் பலருக்கு ஆங்கிலமும் தெரியும். கேட்டால் நின்று நிதானமாகச் சொல்கிறார்கள்.

சாப்பாட்டுக் கூடையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் புளிச்சோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டுதான் சுற்றினோம். டிராமிலும் பஸ்ஸிலும் திறக்காமல், இறங்கி ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நிறுத்தங்கள் அவ்வளவு சுத்தமாக இருக்கும்போது சிந்துவதற்கு மனசு வராது.

கடைசியாக, எல்லை விஷயம். ஜெர்மனியில் ட்ரியர் என்ற ரோமானியர் காலத்து ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாரும் போகச் சொல்வார்கள், போகலாம். ஆனால் ரயில் வாசர்பில்லிக் நிலையத்தைத் தாண்டியதும் ஜெர்மனி. அங்கிருந்து டிக்கெட் வேண்டும். ஏறும்போதே எல்லையிலிருந்து ட்ரியர் வரைக்குமான டிக்கெட்டை மெஷினிலோ செயலியிலோ எடுத்துவிடுங்கள். அதை வாங்காமல் உட்கார்ந்திருந்தால் அபராதம் உண்டு. எங்க வீட்டுக்காரர் எங்கள் இருவரின் டிக்கெட்டையும் வாசர்பில்லிக் வருவதற்கு முன்பே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எல்லையில் பெரும்பாலும் கேட்பதில்லை என்றாலும், ஜெர்மனிப் பக்கம் போலீசார் ரயிலில் ஏறிப் பார்க்கிற நாட்களும் உண்டு.